காளைக்குருதிப் பீப்பாயும் மூன்றாவது அடியும்

அறுவடைத் திருநாளின் அவைத்தலைவராக வீற்றிருக்கும், நாற்பது ஆண்டுகளாக இந்த அல்மாஷ் ஊரின் பாவங்களையெல்லாம் காதால் கேட்டு ஒன்றைக்கூட வாயால் வெளியே விடாத அருட்தந்தை அலயோஷ் அவர்களே! முன்வரிசையில், முதல் நாற்காலியில், முழங்காலின்மேல் கொட்டாப்புளி என்னும் மரச் சுத்தியலை வைத்துக்கொண்டு என்னையே முறைத்துக்கொண்டிருக்கும் என் மாமனார், மாண்புக்குரிய கெர்சோன் அவர்களே! அவர் அருகே அமர்ந்து, கம்பளி பின்னும் கையை நிறுத்தாமலே இந்தக் கூட்டம் முழுவதையும் கண்காணிக்கும் என் மாமியார் எதெல்கா அம்மையார் அவர்களே! இந்த நிலவறைத் தெருவைத் தாங்கி நிற்கும் மூன்று தூண்களே! புளிப்புக்குப் பேர்போன தெர்கா அத்தை அவர்களே, கசப்புக்குப் பேர்போன கெலமென் அண்ணன் அவர்களே, வெளுப்புக்குப் பேர்போன வின்ட்சே அவர்களே! கோபம் வேண்டாம், உங்களைச் சொல்லவில்லை, உங்கள் ஒயினைச் சொன்னேன். விடிந்ததிலிருந்து கொப்பரையருகே நின்று, கண் எரிய எரிய மீன் சூப்பைக் காய்ச்சிக்கொண்டிருக்கும் தாய்மார்களே! சேக்ஸார்ட் குன்றுகளின் சரிவெங்கும் கொடி வளர்த்துக் குடி வளர்த்த குலத்தோரே! காலிக் கோப்பையோடு காத்திருக்கும் கண்மணிகளே! டான்யூப் கரையில் படகு கட்டும் வீட்டில் பிறந்து, பீப்பாய் வீட்டில் வாழ்க்கைப்பட்டு வந்த இந்த வெண்டெலின் பணிவான வணக்கம்.

என்ன கெலமென் அண்ணா, ஆரம்பித்த உடனேயே கையைத் தூக்குகிறீர்கள்? “பீப்பாயை எப்படா திறப்பே?” என்றா? திறப்போம், அண்ணா, திறப்போம். ஒயின் உங்கள் உள்ளே போன பிறகு என் பேச்சு எங்கே போகும்? இந்த ஆண்டு மதுக்கழகத்தின் தலைவர் என்ற பட்டத்தையும் பச்சை அங்கியையும் எனக்குப் போட்டுவிட்டீர்கள். அங்கி போட்டவன் பேச வேண்டாமா? பேசாமல் விட்டால் அங்கிக்கு என்ன மரியாதை?

பாருங்கள், என் மனைவி எமோகே நிலவறை வாசலில் நின்று சிரிக்கிறாள். காலையிலிருந்தே காரணமில்லாமல் சிரிக்கிறாள். “சுருக்கமா பேசுங்க, ஜனங்க பாவம்” என்றாள். சுருக்கமா? பேச்சின் நீளத்தைப் பற்றி இந்த ஊரில் யாரிடம் புகார் சொல்வது? கடந்த மூன்று ஞாயிறாகத் தந்தை அலயோஷ் நோவாவின் பேழையை முழம் முழமாக அளந்துகொண்டிருக்கிறார். போன வாரம் மேல்தளத்துப் பலகைகளை எண்ணி முடிக்க ஒரு மணி இருபது நிமிடம். தந்தையே, நான் படகு கட்டுகிறவன் மகன். அந்தப் பேழையை நானே கட்டி முடித்திருப்பேன். நீங்கள் இருபத்தைந்தாவது முழத்தைத் தாண்டும்போதே நான் தூங்கிவிட்டேன் என்பதை இந்த மேடையில் ஒப்புக்கொள்கிறேன்.

சரி, பொருளுக்கு வருவோம். பொருள் என்ன? காளைக்குருதி! நம் பிக்காவேர்! பேரைக் கேட்டதும் வெளியூர்க்காரன் முகம் வெளுக்கிறது. அதில் காளை உண்டா? இல்லை. குருதி உண்டா? இல்லை. எகெர் நகரத்தார் அந்தப் பேர் எங்களுடையது என்று ஒரு கோட்டைச் சண்டைக் கதை சொல்வார்கள். இங்கே நம் ஆட்கள், பேரை முதலில் வைத்தது நாங்கள்தான் என்று மேசையைக் குத்துவார்கள். இரண்டு ஊரும் குத்திய குத்தில் மேசைகள் உடைந்தன, வழக்கு மட்டும் முடியவில்லை. முடிய வேண்டாம் என்பதே என் கட்சி. வழக்கு முடிந்துவிட்டால் குளிர்காலத்தில் நாம் எதைப் பேசிக் குடிப்பது?

காலிக் கோப்பைதான், நிறைந்திருப்பதாக நினைத்துச் சாய்த்துப் பாருங்கள். நிறம் எப்படி? நன்றாகப் பழுத்த செர்ரியின் தோல். முகர்ந்து பாருங்கள். முதலில் புளிப்புச் செர்ரி வரும். அதன் பின்னே, யாரோ அடுக்களையில் கருமிளகை இடித்த மாதிரி ஒரு வாசம். அதற்கும் பின்னே காய்ந்த புகையிலை. வாயில் ஊற்றினால் நாக்கின் ஓரம் கூசும், நடுவில் கனியும், கடைசியில் ஈறுகளை ஒரு பிடி பிடித்துவிட்டுப் போகும். இத்தனையும் ஒரே திராட்சையில் வருமா? வரவே வராது! பிக்காவேர் கலவை ஒயின். குறைந்தது மூன்று வகைத் திராட்சையாவது கூடினால்தான் அதற்கு அந்தப் பேர். கேக்ஃபிரன்கோஷ் புளிப்பைத் தரும், கபெர்னே துவர்ப்பைத் தரும், கதர்கா மிளகு வாசத்தைத் தரும். தனித்தனியாக நிறுத்தினால் மூன்றும் முகம் சுளிக்க வைக்கும். யாரிடம் சொல்கிறேன்! உங்களுக்குத் தெரியாதா?

எதனோடு குடிப்பது? மாட்டிறைச்சியைச் சிவப்பு மிளகாய்த்தூளில் மூன்று மணி நேரம் சுண்ட வைத்த குழம்போடு குடிக்கலாம். ஊறிய முட்டைக்கோஸ் இலையில் சுருட்டிய கறியோடு குடிக்கலாம். வாத்துக்காலோடு, புகை போட்ட ஆட்டுப்பால் சீஸோடு குடிக்கலாம். இவை உலகம் அறிந்தவை. ஆனால் மீனோடு? போன ஆண்டு தலைநகரிலிருந்து கழுத்துப்பட்டி கட்டிய ஒரு பெரிய மனிதர் வந்தார். “மீனுக்குச் சிவப்பு ஒயினா? நாகரிகம் தெரியாதவங்களா நீங்க?” என்றார். தெர்கா அத்தை அவர் முன்னால் ஒரு தட்டு கெண்டை மீன் சூப்பை வைத்தார். ஒரு கரண்டி போனதும் அவர் காது சிவந்தது. வெள்ளை ஒயினைக் கேட்டார், கொடுத்தார்கள். அந்த மிளகாய்க்கு முன்னால் வெள்ளை ஒயின் தண்ணீராகிவிட்டது. பிறகு அத்தை நம் பிக்காவேரை ஊற்றினார். அதன் புளிப்பு மீன் கொழுப்பை அறுத்தது, அதன் மிளகு வாசம் மிளகாயோடு தோள் மேல் கை போட்டுக்கொண்டது. நான்காவது தட்டுக்கு அந்த மனிதர் கழுத்துப்பட்டியைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் வைத்தார். நாகரிகம் அங்கேயே தங்கிவிட்டது.

“கொட்டாப்புளிக் கதையைச் சொல்லு” என்கிறீர்களா? சொல்கிறேன். இருபத்தாறு ஆண்டுகளாக ஒவ்வொரு அறுவடைத் திருநாளுக்கும் என் மாமனார் அந்தக் கொட்டாப்புளியோடு ஏன் வருகிறார் என்று பெரியவர்களுக்குத் தெரியும். இளையவர்கள் கேளுங்கள்.

நிலவறைக்கு நம்மிடம் சட்டம் உண்டு. உள்ளே சீட்டி அடிக்காதே. உள்ளே சண்டை போடாதே. எல்லாவற்றுக்கும் மேலாக, பீப்பாயைத் தட்டாதே! தட்டினால் என்ன பொருள்? “உன் பீப்பாயில் சரக்கு இருக்கிறதா?” என்று வீட்டுக்காரனை முகத்துக்கு நேரே கேட்பதாகப் பொருள். அதற்குத் தண்டனை என்ன? தட்டியவனை அதே பீப்பாயின்மேல் குப்புறப் படுக்க வைத்து, குழாய் இறுக்கும் கொட்டாப்புளியால் பின்புறத்தில் மூன்று அடி. மந்திரி வந்தாலும் மூன்று, மாப்பிள்ளை வந்தாலும் மூன்று.

நானோ ஆற்றங்கரைக்காரன். எங்கள் வீட்டில் மரத்தைத் தட்டிப் பார்க்காமல் யாரும் படகில் காலை வைக்க மாட்டோம். விரிசல் இருந்தால் மரம் சொல்லிவிடும். பிறந்ததிலிருந்து கதவைத் தட்டினேன், மேசையைத் தட்டினேன், கட்டிலைத் தட்டினேன். என் கைக்கு வேறு வேலை தெரியாது.

அந்த ஜனவரியில் எமோகேயைப் பெண் கேட்டு வந்தேன். கையில் ஒரு கூடைக் கெண்டை மீன், நெஞ்சில் ஒரு கூடைப் பயம். மாமனார் என்னையும் எமோகேயையும் நிலவறைக்கு அழைத்துப் போனார். இதோ, இந்த மேடைக்குப் பின்னால் வாசல் திறந்திருக்கிறதே, இதே நிலவறை. உள்ளே தெரிகிறதே அந்தப் பெரிய பீப்பாய், அன்றைக்கும் அங்கேயே நின்றது, இன்றைக்கும் அங்கேயே நிற்கிறது. பெண் பார்க்க வந்தவனைப் பார்க்க, தெர்கா அத்தையும் கெலமென் அண்ணனும் வின்ட்சேயும் முன்னதாகவே வந்து நின்றார்கள்.

மாமனார் நெஞ்சை நிமிர்த்தினார். “தம்பி, போன வருஷத்து ஒயின் ஐந்நூறு லிட்டர், இதுல இருக்கு. எம்மக கல்யாணத்துக்குன்னே வெச்சிருக்கேன். அதுவரைக்கும் ஒரு சொட்டு யாருக்கும் கிடையாது” என்றார். பேச்சு கம்பீரம், பீப்பாய் அதைவிடக் கம்பீரம். எனக்குக் கை ஊறியது. நான் என்ன செய்திருப்பேன் என்று நினைக்கிறீர்கள்?

தட்டினேன்! டொய்ங்ங்ங் என்றது!

கோயில் மணி தோற்றது, கூட்டத்தாரே! அவ்வளவு காலி! என் காதுக்கு அதற்கு மேலும் தெரிந்தது. மூன்றாவது பலகையில் விரிசல். “மாமா, மூணாவது பலகை” என்று வாயைத் திறந்தேன். எமோகே என் கால்விரலை மிதித்தாள். மழை வருவதற்கு முன்னால் அந்த விரல் இன்றும் வலிக்கிறது.

யார் முதலில் பேசினார் தெரியுமா? தெர்கா அத்தை! “அடேயப்பா, என்னமா நிறைஞ்சிருக்கு! சத்தமே வெளிய வரலையே!” கெலமென் அண்ணன் காதைத் தடவினார். “எனக்கு ஒண்ணும் கேக்கல. நமக்கு இந்தக் காது கொஞ்சம் மந்தம்.” அன்று அவருக்கு வயது நாற்பத்திரண்டு, பக்கத்துத் தோட்டத்தில் திராட்சை உதிர்ந்தால் கேட்கும் காது. வின்ட்சே ஒருபடி மேலே போனார். “அது நான் தும்மினது” என்றார். தும்மல் டொய்ங் என்று வருமா, வின்ட்சே? எந்த மூக்கில் வரும்?

மாமனார் முகத்தில் ரத்தமில்லை. கொட்டாப்புளியை எடுத்தார். “நிறைஞ்சிருக்கு! விளிம்பு வரைக்கும் நிறைஞ்சிருக்கு! நோன்புக்கு முந்தின சனிக்கிழமை கல்யாணம். அன்னிக்கு ஊர் முன்னால நானே குழாயைத் திறப்பேன். ஒயின் வரலைன்னா கல்யாணம் கிடையாது. வந்துச்சுன்னா, என் பீப்பாயைத் தட்டினதுக்கு இந்தப் பயலுக்கு மூணு அடி. இப்ப வெளிய போ!”

பார்த்தீர்களா வீறாப்பை? பீப்பாய் காலி என்று எல்லாரையும்விட நன்றாகத் தெரிந்த மனிதர், அதையே பந்தயமாக வைத்தார். ஒயின் வராது என்று அவருக்குத் தெரியும், எனக்கும் தெரியும். அப்படியானால் கல்யாணமும் வராது. என் வாழ்க்கை அந்தக் குழாயில் தொங்கியது. நான் மீன் கூடையைத் தூக்கிக்கொண்டு, பனியில் நடந்து பேருந்து நிறுத்தத்துக்குப் போனேன். அழுதேன். ஆம், அழுதேன். சிரிக்காதே, எமோகே.

பீப்பாய் ஏன் காலியானது? இதைச் சொல்லும்போது மட்டும் நான் கிண்டலை நிறுத்திக்கொள்கிறேன். அதற்கு முந்தின இலையுதிர் காலத்தில் எதெல்கா அம்மையார் ஆறு வாரம் மருத்துவமனையில் கிடந்தார். ஆறு வாரமும் என் மாமனார் அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில், நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கினார். “பீப்பாயைப் பாத்துக்க யார்கிட்டயாவது சாவியைக் குடுங்களேன்” என்று அம்மையார் கெஞ்சினாராம். “என் பீப்பாயை எனக்குப் பாத்துக்கத் தெரியும்” என்றாராம். திரும்பி வந்து பார்த்தபோது பலகை விரிந்து, மண் தரை அத்தனையையும் குடித்து முடித்திருந்தது. தெருவில் எவரிடம் சொன்னாலும் ஒரு குடம் கொண்டுவந்திருப்பார்கள். சொல்ல வாய் வரவில்லை. கதவைப் பூட்டினார், சாவியைக் கோட்டுப் பையில் போட்டார், நெஞ்சுக்குள் புழுங்கினார்.

ஆனால் அந்தச் சாவி எந்தக் கோட்டில் இருந்தது? வேலைக் கோட்டில்! ஞாயிற்றுக்கிழமை அவர் போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போவது கறுப்புக் கோட்டு. எதெல்கா அம்மையாருக்கோ மருத்துவர் குளிரில் வெளியே போகக் கூடாது என்று சொல்லியிருந்தார். நான் தட்டிய வாரத்து ஞாயிறு காலை ஒன்பது மணிக்குச் சாவி தெர்கா அத்தையின் கையில் இருந்தது. எனக்கு ஆள் வந்தது: “உளியும் கோரையும் எடுத்துட்டு வா. வாயை மட்டும் வீட்டுலயே வெச்சுட்டு வா.”

அன்று இந்தத் தெரு முழுவதும் இருமல்! தெர்கா அத்தைக்கு இருமல், கெலமென் அண்ணனுக்கு இருமல், வின்ட்சேக்கு இருமல். கோயிலில் மூன்று பேர் இடமும் காலி. “அந்தத் தெருவுல மட்டும் என்ன அப்படி ஒரு இருமல்?” என்று தந்தை அலயோஷ் கேட்டார். நோயாளியைப் பார்க்க வீட்டுக்கு வந்த அவர் காதில் அம்மையார் முந்தின நாளே ஒரு வார்த்தை போட்டு வைத்திருந்தார். அன்று தந்தை பிரசங்கத்தை ஆரம்பித்தார். ஆரம்பித்தார் என்று சொல்லலாம், முடித்தார் என்று சொல்ல முடியாது! யோனா மீனின் வயிற்றுக்குள் போனதே தெரியும், வெளியே வர ஒரு மணி பத்து நிமிடம். முன்வரிசையில் என் மாமனார் மாட்டிக்கொண்டார்.

அந்த நேரத்தில் நான் பீப்பாயின் பூண்களைத் தளர்த்தி, விரிந்த பலகையை இறுக்கி, இடுக்கில் கோரையைத் திணித்து அடைத்தேன். எங்கள் படகுக்குச் செய்கிற வேலைதான். வெந்நீர் ஊற்றினோம், மரம் ஊதிப் பிடித்துக்கொண்டது. அடுத்த ஞாயிறும் இருமல். அதற்கடுத்த ஞாயிறும் இருமல். பிரம்புக் கூடை போட்ட பெரிய கண்ணாடிக் குடுவைகளைக் கைவண்டியில் தள்ளிக்கொண்டு மூன்று பேரும் வந்தார்கள்.

இங்கேதான் எனக்கு ஒயின் பாடம் நடந்தது. தெர்கா அத்தை என் காதருகே வந்து, “இது என்கிட்ட இருக்கறதுலயே உசத்தி. மத்த ரெண்டு பேர்கிட்ட சொல்லாத” என்றார். ஒரு வாய் குடித்தேன். கேக்ஃபிரன்கோஷ். என் இடது கண் தானாக மூடிக்கொண்டது! கெலமென் அண்ணன் என்னைத் தனியே இழுத்தார். “தம்பி, இது ராஜா ஒயின். அவங்க ஊத்தறது சும்மா, இதுதான் தாங்கும்.” குடித்தேன். கபெர்னே. ஓக் மரப்பட்டையை மென்ற மாதிரி நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. வின்ட்சே கூச்சத்தோடு வந்தார். “நம்மளது கொஞ்சம் மென்மையா இருக்கும்” என்றார். கதர்கா. கோப்பைக்குப் பின்னால் செய்தித்தாள் வைத்தால் படிக்கலாம், அவ்வளவு வெளுப்பு. வாசம் மட்டும் மிளகும் ரோஜாக்கனியுமாக அறையை நிறைத்தது. மூன்று பேரும் எனக்கு என்ன கொண்டுவந்தார்கள் தெரிகிறதா? மூன்று ஆண்டுகளாக எந்த வியாபாரியும் தொடாத சரக்கு!

என்ன அத்தை, “பொய்”யா? சரி, இரண்டு ஆண்டு.

ஊற்றி முடித்துக் கலந்ததும் வின்ட்சே ஒரு கோப்பை எடுத்தார். ஆளுக்கு ஒரு வாய். அத்தையின் புளிப்பு இருந்தது, ஆனால் கண் மூடவில்லை. அண்ணனின் துவர்ப்பு இருந்தது, ஆனால் நாக்கு ஒட்டவில்லை. வின்ட்சேயின் மிளகு இரண்டுக்கும் நடுவே நடந்து போனது. கெலமென் அண்ணன் தொண்டையைச் செருமினார். “நான் சொல்லல? என்னோடதுதான் தூக்கி நிறுத்துது.” அத்தை இடுப்பில் கை வைத்தார். “யாரோடது? உன்னோடதா? என் புளிப்பு இல்லேன்னா உன்னோடதைக் கழுதைகூட முகராது!” நிலவறைக்குள் சண்டை கூடாது என்ற சட்டம் அன்றைக்கு உடைந்தது.

கல்யாண நாள் வந்தது. இருநூறு பேர். எங்கள் வீட்டார் நான்கு கொப்பரை மீன் சூப்போடு வந்து இறங்கினார்கள். என் மாமனார் தூக்குமேடைக்குப் போகிறவர் போல நிலவறை வாசலுக்கு வந்தார். நோன்பு தொடங்கும் முன் பாவமன்னிப்புக் கேட்டுவிட்டு வந்திருந்தார் என்று பிறகு தெரிந்தது. “எல்லாரும் கேளுங்க” என்று தொடங்கினார். “இந்தப் பீப்பாயில...”

“திறங்க” என்றார் எதெல்கா அம்மையார்.

“எதெல்கா, நான் ஒண்ணு சொல்லணும்.”

“திறந்துட்டுச் சொல்லுங்க.”

குழாயைத் திருகினார். கீழே குடம் வைத்தாரா? வைக்கவில்லை! வராத ஒயினுக்குக் குடம் எதற்கு? குபுகுபுவென்று கொட்டியது! புதுக் கறுப்புக் காலணி இரண்டும் சிவந்தன! இருநூறு பேர் ஓவென்று கத்தினார்கள். அவர் மட்டும் கையைக் குவித்து ஒரு வாய் ஏந்திக் குடித்தார். கண்ணை மூடினார். எங்கள் ஊரில் மரம் சொல்வதை நான் கேட்பேன், இந்த ஊரில் ஒயின் சொல்வதை அவர் கேட்பார்.

“இந்தப் புளிப்பு...” என்று தெர்கா அத்தையைப் பார்த்தார். அத்தை இருமினார். “இந்தத் துவர்ப்பு...” கெலமென் அண்ணன் இருமினார். “இந்த வெளிறிப்போன கதர்கா...” வின்ட்சே இருமிய இருமலில் தொப்பி விழுந்தது. என் மாமனார் பெரிய மீசைக்காரர். அந்த மீசை நடுங்கியதை அன்று நான் பார்த்தேன். “என் பீப்பாய் ஒயின்தான். எனக்குத் தெரியாதா என் ஒயின்?” என்றார். கோட்டுக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பினார். “ஒயின் வந்துச்சு. பொண்ணு உனக்கு. இப்பக் குனி.”

கல்யாணக் கோட்டோடு குனிந்தேன். ஒன்று! இரண்டு! மூன்றாவதை ஓங்கியவர் நிறுத்தினார். “இது பாக்கி இருக்கட்டும். இவன் கை சும்மா இருக்காது. இன்னொரு நாள் நிறைஞ்ச பீப்பாயைத் தட்டுவான். அன்னிக்குக் குடுத்துக்கறேன்.” இருபத்தாறு ஆண்டுகளாக அந்த அடி அவர் மடியில் காத்திருக்கிறது. இருபத்தாறு ஆண்டுகளாக நான் கையைச் சட்டைப்பைக்குள் வைத்திருக்கிறேன்.

அன்று மீன் சூப்போடு அந்த ஒயினைக் குடித்தவர்கள், அடுத்த ஆண்டும் அதே கலவையைக் கேட்டார்கள். அந்தப் பீப்பாய் எனக்குச் சீதனமாக வந்தது. மூன்று திராட்சையையும் நட்டேன், ஆண்டுதோறும் நிரப்பினேன், ஆண்டுதோறும் இந்த நாளில் ஊருக்கே ஊற்றினேன். அதைக் குடித்துத்தான் எனக்கு இந்தப் பச்சை அங்கியைப் போட்டீர்கள்.

“திற! திற!” என்று கோப்பையைத் தட்டுகிறீர்கள். கேட்கிறது. எல்லாம் கேட்கிறது. ஏன் இவ்வளவு நேரம் பேசினேன் என்று நினைக்கிறீர்கள்? நீங்கள் அலுத்து எழுந்து போவீர்கள் என்று பேசினேன். போகவில்லையென்றால், குழாய் அடைத்துக்கொண்டது என்று சொல்லத் திட்டம் வைத்திருந்தேன். அந்தத் திட்டத்தை இப்போது கைவிடுகிறேன். மாமாவின் காலணிக் கதையைச் சொல்லிவிட்டு அந்தப் பொய்யைச் சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை.

ஊரீரே, உற்றாரே, என் பீப்பாய் காலி!

போன ஆண்டு தளிரைக் கருக்கும் ஏப்ரல் பனி உங்கள் மேட்டுத் தோட்டங்களைத் தடவிவிட்டுப் போனது. என் பள்ளத்துத் தோட்டத்தில் படுத்தே கிடந்தது. “பாதி தேறிடுச்சு” என்று உங்களிடம் சொன்னேன். தேறியது இரண்டு வாளி. நேற்றுக்கூடத் தெர்கா அத்தை, “பீப்பாய் எப்படி இருக்கு வெண்டெல்?” என்று கேட்டார். “மூடியைத் தொட்டா வழியும் அத்தை” என்றேன். இருபத்தாறு ஆண்டுகள் மாமனாரின் வீறாப்பைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தவன் நான். என் முறை வந்ததும் என்ன செய்தேன்? அதே கதவைப் பூட்டினேன், அதே சாவியை அதே போல வேலைக் கோட்டில் போட்டேன், ஒரு மாதமாக உள்ளே போய்ப் பார்க்கக்கூட வெட்கப்பட்டேன். இதைவிட முட்டாள்தனம் உண்டா? பனி எவன் தோட்டத்தில்தான் விழாது? பலகை எவன் பீப்பாயில்தான் விரியாது? புளிப்பில்லாத வீடு எது? கசப்பில்லாத நெஞ்சு எது? வெளுத்துப்போகாத வாழ்க்கை எது? தனியாக மூடி வைத்தால் மூன்றும் வீண். கூட்டி ஊற்றினால் காளைக்குருதி! காலியாகப் போனதற்கு நான் வெட்கப்படவில்லை. உங்களிடம் சாவியைக் கொடுக்காமல் இருந்தேனே, அதற்குத்தான் வெட்கப்படுகிறேன்.

நம்பவில்லையா? இதோ, உள்ளே போகிறேன். ஊர் முன்னால் தட்டுகிறேன். காலிப் பீப்பாயைத் தட்டினால் குற்றமில்லை. கேளுங்கள் அதன் சத்தத்தை!

தொப்.

பொறுங்கள். கொஞ்சம் கீழே தட்டுகிறேன். தொப். இங்கே? தொப். மேலே? தொப். இது என்ன சத்தம்? குழாயைத் திறந்து... ஐயையோ! என் காலணி! எமோகே, குடம்! குடத்தைக் கொண்டா! ஏன் சிரிச்சுக்கிட்டே நிக்கிறே? வேலைக் கோட்டு... சாவி... நீயா?

யார் அங்கே இருமுவது? தெர்கா அத்தையா? கெலமென் அண்ணா, உங்களுக்குமா? வின்ட்சே, தொப்பியைப் பிடித்துக்கொள்ளுங்கள். இப்போது பின்வரிசையும் இருமுகிறது. கொப்பரையருகே தாய்மார்களும் இருமுகிறார்கள். ஊரே இருமுகிறது! மூன்று ஞாயிறு... நோவாவின் பேழை... முழம் முழமாக... தந்தையே! நீங்களுமா? நான் தூங்கிவிட்டேனே! கோயிலில் யார் இல்லை என்று திரும்பிக்கூடப் பார்க்கவில்லையே!

ஒரு வாய் குடித்துக்கொள்கிறேன், பொறுங்கள். அத்தை, இந்தப் புளிப்பு உங்களுடையது. அண்ணா, இந்தத் துவர்ப்பை எங்கே குடித்தாலும் சொல்லுவேன். வின்ட்சே, இந்த மிளகு. இந்த ஆண்டும் உங்கள் மூவரிடமும் விற்காத சரக்கு இவ்வளவு இருந்ததா? கண்ணில் தண்ணீர் வருகிறதே என்று பார்க்காதீர்கள். அத்தையின் புளிப்பு அப்படி.

மாமா, நீங்கள் ஏன் எழுந்திருக்கிறீர்கள்? மாமா, படி செங்குத்து, மெதுவா. என்ன? “நிறைஞ்ச பீப்பாயை நாலு தடவை தட்டினே, எண்ணிட்டுத்தான் இருந்தேன்” என்கிறீர்களா? மாமா, எனக்கு ஐம்பத்திரண்டு வயசாச்சு! கழகத் தலைவர்! பச்சை அங்கி! என்ன? “அங்கியைத் தூக்கிக்க. பீப்பாய்க்கு உன்னைவிட வயசு ஜாஸ்தி. குனி” என்கிறார். கேட்டீர்களா? நீதி கேட்கிறது நம் சட்டம்.

குனிகிறேன். உங்கள் பக்கம் முதுகைக் காட்டியபடி பேசுவதற்கு அவையோர் பொறுத்தருள வேண்டும். இந்த நிலையில்தான் எனக்கு நன்றி சொல்ல வாய்த்திருக்கிறது. பிரசங்கம் செய்த வாய்க்கு நன்றி. இருமிய தொண்டைகளுக்கு நன்றி. சாவி எடுத்த கைக்கு நன்றி. இந்த ஊரின் புளிப்புக்கும் கசப்புக்கும் வெளுப்புக்கும் நான் உள்ளளவும் நன்றி. குடங்கள் வரும், கோப்பைகளை நிரப்பிக்கொள்ளுங்கள், மீன் சூப் ஆறுவதற்குள் உட்காருங்கள். எல்லாருடைய உடல்நலத்துக்கும் என் வாழ்த்தும் வணக்கமும்!

மாமா, நான் தயார். அடிங்க.